கையில் வந்த சீட்

அன்புள்ள அக்கா,

உங்கள் மகனின் மருத்துவப் படிப்பு பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன். நாங்கள் வட கரோலினாவில், கேரியில் இருக்கிறோம். மகளுக்கு நியூ ஜெர்சியில் ஏழு வருஷ பிஎஸ்-எம்டி படிப்பில், அதாவது இளங்கலையும் மருத்துவப் பட்டமும் சேர்ந்த படிப்பில், இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் மூன்று வருஷம், அப்புறம் அதோடு இணைந்த மருத்துவக் கல்லூரியில் நான்கு வருஷம். எங்கள் மாநிலத்திலேயே சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் இடம் வந்திருக்கிறது. அங்கே போனால் எல்லாரையும் போல பிரீமெட், அதாவது மருத்துவத்துக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களைப் படித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, பிறகு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "கையில் வந்த சீட்டை யாராவது விடுவாங்களா?" என்கிறார் கணவர். திருநெல்வேலி மெடிக்கல் காலேஜில் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்த என் அக்காவும் அதையேதான் சொல்கிறார். மகளுக்கு மொழியியலிலும் ஆர்வம் உண்டு. அவளைக் கேட்டால் "நீங்களே சொல்லுங்கம்மா" என்கிறாள். மே 1க்குள் பணம் கட்டவேண்டும். எதுவும் ஓடவில்லை.

க.

அன்புள்ள க,

முதலில் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். இரண்டு இடங்களுமே சுலபமாகக் கிடைப்பவை அல்ல.

உங்கள் அக்காவுக்குத் திருநெல்வேலியில் கிடைத்தது சீட். சேர்ந்துவிட்டால் அது அவருடையது. ஒரு பேப்பர் போனாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு வந்திருப்பதையும் நாம் அதே சொல்லால் அழைக்கிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை நிபந்தனையோடு வருபவை. ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரி இத்தனைக்குக் கீழே இறங்கக் கூடாது, சில இடங்களில் எம்கேட்டில் இத்தனை எடுக்க வேண்டும், வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடும், இப்படி. எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு வருஷப் படிப்பில் எம்கேட்டே கிடையாது, பிடித்த பாடத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்துக்கொள்ளலாம். மிசூரி பல்கலைக்கழகம் கான்சஸ் சிட்டியில் 1971 முதல் நடத்தும் ஆறு வருஷப் படிப்பில் முதல் வருஷத்திலேயே மருத்துவம் ஆரம்பித்துவிடும். உங்களுக்கு வந்த கடிதத்தில் வாழ்த்துச் சொல்லும் பக்கத்தைப் பலமுறை படித்திருப்பீர்கள். நிபந்தனைகள் இருக்கும் பக்கத்தையும் அதே மாதிரி படியுங்கள்.

எனக்குத் தெரிந்து இரண்டு பிள்ளைகள் இந்த வழியில் போனார்கள். ஒருத்தி எங்கள் தெருப் பெண். பத்து வயதிலிருந்து டாக்டர் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஏழு வருஷத்தில் முடித்து இப்போது குழந்தைகள் மருத்துவத்தில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி செய்கிறாள். அவளுக்கு அதுதான் சரியான வழி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொருவன் நண்பர் வீட்டுப் பையன். மூன்று வருஷத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்ததால் ஒரே செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், உயிரியல் மூன்றும். நூலிழையில் ஜிபிஏ கோட்டுக்குக் கீழே போனான், இடம் போயிற்று. அதன் பிறகு அவனும் எல்லாரையும் போலத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவனை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மற்ற வழி பூப்பாதை என்று சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எம்டி என்னும் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், சுமார் 23 ஆயிரம் பேருக்குத்தான் இடம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோடு பிரீமெட்டுக்கு முழுக்குப் போட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். 528க்கு நடக்கும் எம்கேட்டில், இடம் கிடைத்தவர்களின் சராசரி 511க்கு மேல். என் மகன் முதல் முறை 22 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தான். இரண்டு நேர்காணல், கடைசியில் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் மார்ச் மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

அடுத்த வருஷம் அவன் ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்க்ரைப் வேலைக்குப் போனான். டாக்டர் பின்னாலேயே நின்று, அவர் நோயாளியிடம் கேட்பதையும் பார்ப்பதையும் கணினியில் ஏற்றும் வேலை. இரவு ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வந்து, ஷூவை கராஜிலேயே கழற்றிவிட்டு, நின்றபடியே ரவா உப்புமா சாப்பிடுவான். ஒரு நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றான். என்னடா என்றேன். இரவு ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அவர் மனைவியிடம் டாக்டர் எப்படிச் சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்து, "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொன்னாராம், சுற்றிவளைக்காமல். அப்புறம் ஒன்றும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தாராம். "எனக்கும் அப்படி உட்காரத் தெரியணும்மா" என்றான். பதினேழு வயதில் "டாக்டர் ஆகணும்" என்று சொன்ன பையன் வேறு, உப்புமாத் தட்டோடு நின்ற அந்த இருபத்திமூன்று வயதுப் பையன் வேறு. இரண்டாம் முறை இடம் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, "என் அக்கா பதினேழு வயதில் முடிவெடுத்தும் நல்ல டாக்டராகத்தானே இருக்கிறார்?" என்று கேட்பீர்கள். நிச்சயமாக. ஆனால் அவர் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் படித்தார். நடுவில் பிடிக்காமல் போயிருந்தாலும் தலைக்கு மேல் கடன் நின்றிருக்காது.

கடன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவ மாணவர்கள் முழுச் செலவுக்கும் வாங்கிவந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது. அரசுக் கடன் இனி வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம்தான். மீதியைத் தனியார் கடனிலோ உங்கள் சேமிப்பிலோதான் பார்க்க வேண்டும். சாப்பல் ஹில்லில் உங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமும் மற்றக் கட்டணங்களும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 9 ஆயிரம் டாலர். நியூ ஜெர்சியில் நீங்கள் வெளி மாநிலத்தார். அங்கே மூன்று வருஷத்துக்குக் கட்டுவதையும் இங்கே நான்கு வருஷத்துக்குக் கட்டுவதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிச்சமாகும் பணம் பின்னால் மருத்துவக் கல்லூரிக்கு உதவும். இன்னொன்று, கிரீன்வில்லில் இருக்கும் பிரோடி மருத்துவக் கல்லூரி வட கரோலினாக்காரர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறது. சாப்பல் ஹில் மருத்துவக் கல்லூரியிலும் உள்ளூர்ப் பிள்ளைகளே பெரும்பான்மை. இப்படி ஒரு வாசல் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை.

நான் எந்தப் பக்கம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். சாப்பல் ஹில். பணம், உள்ளூர் வாசல் எல்லாம் காரணம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "நீங்களே சொல்லுங்கம்மா" என்ற அந்த வரி. ஏழு வருஷப் படிப்பு எங்கள் தெருப் பெண் மாதிரி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கானது. அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று வருஷத்தில் யோசிக்க நேரம் இருக்காது. மொழியியலில் ஒரு வகுப்புகூட உட்கார முடியாமல் போகலாம். மொழியியலில் மேஜர் செய்தபடியே பிரீமெட் பாடங்களையும் படிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமா? மருத்துவக் கல்லூரிகள் மேஜர் எது என்று பார்ப்பதில்லை, அவர்கள் கேட்கும் அறிவியல் பாடங்களைச் சரியாகப் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக முடிவெடுக்காதீர்கள். அவளிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "டாக்டர் இடம் என்பதே இதில் இல்லை, வெறும் கல்லூரி மட்டும்தான் என்றால் நீ நியூ ஜெர்சி போவாயா?" அவள் யோசிக்காமல் போவேன் என்றால் நான் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே பணம் கட்டுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் இல்லாமல், நீங்கள் இருவர் மட்டும் காரில் போகும்போது கேளுங்கள். கேரியிலிருந்து சாப்பல் ஹில் அரை மணி நேரம்தானே.

நிபந்தனைப் பக்கத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, மே 1க்கு முன்பே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா