அரைப் பக்கத்தில் அடங்காத மாண்ட்கோமரி

கேள்வி: எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா ஒரு தாள். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்புக்குப் பாடநூலில் அரைப் பக்கம்தான். களைத்துப்போன ஒரு கறுப்பினத் தையல்காரப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகர் பேசினார், நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்தபோது சிலிர்த்தது. ஆனால் 2020-இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் முழங்காலை வைத்து அழுத்திய காணொளியையும் பார்த்தவள் நான். அப்படியானால் அத்தனை பேர் பட்ட பாடும் வீண்தானா? சமூக நீதி பற்றி உங்கள் சிந்தனையை எழுதுங்கள் என்கிறார் பேராசிரியர். லிங்கனில் தொடங்கி நான்கு பக்கம் எழுதிவிட்டேன். வாசித்தால் ஒரே புலம்பலாக இருக்கிறது. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி)

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

அந்த நான்கு பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் கோபத்தில் தவறில்லை. கோளாறு அந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்தார், உலகம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொடுத்தால், மாறாத உலகத்தைப் பார்க்கும்போது ஏமாந்துபோன மாதிரிதான் இருக்கும். மாண்ட்கோமரியில் யார் என்ன வேலை பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள், எதை இழந்தார்கள் என்று போய்ப் பாருங்கள். உங்கள் கேள்வியே வேறாகிவிடும்.

முதலில் அந்தக் 'களைத்துப்போன தையல்காரப் பெண்'. 1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. உடம்பு அன்றைக்கு ஒன்றும் விசேஷமாகக் களைத்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943 முதல், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர் அவர். 1944-இல் ரெசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளை இளைஞர்கள் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தபோது, அந்த ஊருக்கே போய் விவரம் சேகரித்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்பு டென்னசியில், போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி எடுத்திருந்தார். இவ்வளவையும் விட்டுவிட்டுக் களைப்பை மட்டும் வைத்துக்கொண்டது பாடநூல்.

நான் உங்களிடம் முக்கியமாகப் பேச விரும்புவது இன்னொரு பெண்ணைப் பற்றி. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, அதே ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கிளாடெட் கோல்வின், இருக்கையிலிருந்து எழ மாட்டேன் என்றாள். வயது 15. போலீஸ்காரர்கள் இழுத்து இறக்கிக் கைவிலங்கு போட்டார்கள். ஏன் எழவில்லை என்று கேட்டதற்கு அவள் பிற்காலத்தில் சொன்ன பதில்தான் என் மனத்தில் நிற்கிறது: ஒரு தோளை ஹாரியட் டப்மனும் மறு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் அழுத்திப் பிடித்துக்கொண்டது போல இருந்ததாம். இருவரும் அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராகப் போராடிய பெண்கள். அதற்குச் சற்று முன்புதான் வகுப்பில் கறுப்பின வரலாறு நடத்தியிருந்தார்கள்.

நீங்களும் வரலாறு படிக்கிற மாணவிதானே? 'சிந்தனை' என்று பேராசிரியர் கேட்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளையின் வழக்கை முன்வைத்துப் போராடலாமா என்று தலைவர்கள் யோசித்தார்கள், வேண்டாம் என்று விட்டார்கள். சின்ன வயது, ஏழைக் குடும்பம், படபடவென்று பேசுகிறவள், சில மாதங்களில் கர்ப்பமும் ஆனாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார் என்ற கணக்கு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நீதி கேட்டுப் போகிறவர்களே, யாரை முன்னால் நிறுத்தினால் மரியாதையாக இருக்கும் என்று பார்த்து ஒரு பெண்ணைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். இந்தச் சங்கடத்தை மழுப்பாமல் எழுதுங்கள்.

சரி, பார்க்ஸ் கைதான இரவுக்கு வருவோம். போராட்ட அழைப்பைத் தயாரித்தவர் ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் காலேஜில் ஆங்கில ஆசிரியை. கறுப்பினப் பெண்களின் அரசியல் மன்றம் ஒன்றுக்குத் தலைவி. பேருந்துகளைப் புறக்கணிக்க வேண்டிவரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் போட்டவர். அந்த நள்ளிரவில் சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். ஒரு தாளில் மூன்று அறிக்கை வருகிற மாதிரி ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் பல்லாயிரம் பிரதி ஓட்டி, கத்தரித்துக் கட்டுக்கட்டாக வைத்து முடித்தபோது விடியற்காலை நான்கு மணி. அரசுப் பணத்தில் நடக்கிற கல்லூரி, தெரிந்தால் வேலை போய்விடும். காலை எட்டு மணி வகுப்பையும் எடுத்துவிட்டு விநியோகத்துக்குக் கிளம்பினார்.

அவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? பேருந்தில் நிறப் பிரிவினையே கூடாது என்று கேட்கவில்லை. ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும். வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பினத்தவர் அதிகம் போகிற தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை வைக்க வேண்டும். இவ்வளவுதான். முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் பின்வாசலுக்கு ஓடி ஏற வேண்டும், அதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள் என்ற நிலைமையில் இருந்தவர்களின் கோரிக்கை அது. நகராட்சி அதைக்கூடத் தரவில்லை. பிறகுதான் கோரிக்கை பெரிதானது.

381 நாள் பேருந்தில் ஏறாமல் இருப்பதற்கு உறுதி மட்டும் போதாது, வண்டி வேண்டும். கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆக வேண்டும் என்று நகராட்சி கெடுபிடி செய்தது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் சுமார் 300 வண்டிகளை இறக்கினார்கள். உள்ளூர்க் காப்பீட்டுக்காரர்கள் அந்த வண்டிகளின் காப்பீட்டை ரத்து செய்தார்கள், போராட்டக்காரர்கள் லாயிட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தை மூலம் காப்பீடு எடுத்தார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர், வீட்டிலேயே கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்றார். அவரோடு சேர்ந்த பெண்களும் விற்று, வாரக் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்பதே பதில், அவர்கள் குழுவின் பெயரும் அதுவே.

பிரிவினையை முறித்த வழக்கு பார்க்ஸுடையது இல்லை. கோல்வின் உட்பட நான்கு பெண்கள் தொடுத்த பிரௌடர் எதிர் கெயில் வழக்கு. 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பை உறுதிசெய்தது. அந்தச் சாட்சிக்கூண்டில், உங்கள் தலைவர் யார் என்று நகராட்சி வழக்கறிஞர் துருவியபோது, எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்றாள் கோல்வின்.

அப்புறம்? பேருந்துகள் மீது துப்பாக்கிச்சூடு, கர்ப்பிணி ஒருவருக்குக் காலில் குண்டு. 1957 ஜனவரியில் தேவாலயங்களில் வெடிகுண்டு. பார்க்ஸ் வேலையை இழந்து டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1959-இல் கறுப்பினத்தவரையும் அனுமதிக்க வேண்டிவந்தபோது, பூங்காக்களையே இழுத்து மூடியது மாண்ட்கோமரி நகராட்சி.

இப்போது உங்கள் 'வீண்தானா' கேள்வி. பேருந்துப் பிரிவினை எழுத்தில் இருந்த சட்டம், எழுத்தால் அடிக்க முடிந்தது. வீட்டுவசதியில் இருந்த பாகுபாடு அவ்வளவு எளிதில் அடிபடவில்லை. 1930-களில் ஒன்றிய அரசின் நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்புப் பூசி, வீட்டுக்கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. மினியாபொலிஸுக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. வீடு இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை, நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அந்தப் பகுதிக்குப் போலீஸ் வருகிற விதமும் வேறு. 1968-இல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது, அதற்குள் ஒரு தலைமுறை வாய்ப்பை இழந்துவிட்டது. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பு ஒன்று 2013-இல் பறிபோனதும் அதே அலபாமாவிலிருந்து, ஷெல்பி கவுண்டியிலிருந்து வந்த வழக்கில்தான். கிடைத்தது கிடைத்ததுதான்; கேட்டுக் கிடைக்காததும் பெற்றுப் பறிபோனதும் உண்டு. மூன்றையும் ஒரே கூடையில் போட்டதால்தான் உங்களுக்கு எல்லாமே வீணாகத் தெரிகிறது.

கட்டுரையைக் கோல்வினில் தொடங்குங்கள். 'விடுதலை', 'சமத்துவம்' என்று எழுதிய இடங்களில் 10 சென்ட், பின்வாசல், சைக்ளோஸ்டைல் என்று எழுதிப் பாருங்கள், புலம்பல் தானாகக் குறையும். ஃபிளாய்டை நீக்க வேண்டாம், சிவப்பு வரைபடத்துக்குப் பிறகு கொண்டுவாருங்கள். பக்கம் கூடினால் லிங்கன் பத்தியை எடுத்துவிடுங்கள், 1957-க்குப் பிந்தைய பகுதியில் கை வைக்காதீர்கள்.