ஆக்குபேஷனல் தெரபி படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு தந்தையின் கேள்விகளுக்குப் பதில்

“மகள் ஆக்குபேஷனல் தெரபி படிக்க ஆசைப்படுகிறாள். இதுவும் பிசியோதெரபி மாதிரிதானே, அதையே படித்தால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு துறையினரும் ஒரே நோயாளியைப் பார்ப்பார்கள், ஆனால் பார்க்கும் விதம் வேறு.

முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் மீட்பதில்தான் பிசியோதெரபிஸ்ட்டின் கவனம் அதிகம் இருக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ, “காலையில் எழுந்ததிலிருந்து எதைச் செய்யத் திணறுகிறீர்கள்?” என்று தொடங்குவார். சட்டைப் பட்டன், பாட்டில் மூடி, தண்ணீர்க் குழாய் என்று பதில் வரும். கனமான பாத்திரத்தை விரல்களால் பற்றாமல் இரு உள்ளங்கைகளிலும் ஏந்தித் தூக்கப் பழக்குவார். கரண்டியின் பிடியைத் தடிமனாக்குவார். சூடாக்கினால் வளையும் பிளாஸ்டிக்கில் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்து போடுவார்.

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே மூச்சு வாங்கும். உட்கார்ந்து குளிப்பது, அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்தில் வைப்பது, பாரம் தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது எல்லாம் கேட்கச் சின்ன விஷயங்கள். ஆனால் குளித்த களைப்பிலேயே பாதி நாள் படுத்துக் கிடப்பவருக்கு அந்தப் பாதி நாள் திரும்பக் கிடைக்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நோய் போகாது, அதோடு வாழ வேண்டும் என்ற நிலையில் எந்த வேலையைப் பிடித்துக்கொள்வது, எதைப் பிறரிடம் விடுவது என்று நோயாளிதான் முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கனடாவில் உருவான ஓர் அளவீடு பல நாடுகளில் பயன்படுகிறது. தனக்கு எது முக்கியம், அதை எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று நோயாளியே 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். தெரபிஸ்ட்டின் விருப்பம் அதற்கு அப்புறம்தான். நோயாளி முழுசாகக் குணமாகிப் போவதைப் பார்த்தால்தான் நிறைவு வரும் என்பவர்களுக்கு இந்த வேலை சலித்துவிடும். உங்கள் மகள் எந்த ரகம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். முடிந்தால் இந்தச் சிகிச்சை நடக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தில் அனுமதி வாங்கி, சில நாட்கள் உடனிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புதுசாக முளைத்த படிப்போ என்ற பயம் வேண்டாம். 1917-இல் அமெரிக்காவில் இதற்கான முதல் சங்கம் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன், காசநோயாலும் பக்கவாதத்தாலும் அவதிப்பட்ட கட்டடக் கலைஞர். வேலை என்று பார்த்தால் மருத்துவமனை, மனநலப் பிரிவு, முதியோர் இல்லம், வீட்டுக்கே சென்று பார்ப்பது என்று பல இடங்கள் உண்டு.

சரி, கல்லூரிக்கு வருவோம். 1952-இல் தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பின் அங்கீகாரம் நீங்கள் பார்க்கும் கல்லூரியின் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் விதிப்படி குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையுடன் நேரடிப் பயிற்சி இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு அந்த அங்கீகாரம் உதவும், என்றாலும் அந்தந்த நாட்டின் பதிவும் தேர்வும் தனி. அந்த 1000 மணி நேரம் எந்தெந்த வார்டுகளில் கழிகிறது, நாள்பட்ட நோயுள்ள பெரியவர்களைப் பார்க்க வாய்ப்பு உண்டா என்று கல்லூரியில் நேராகவே கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.