மறு: மூன்றாம் நாள் பொங்கிய சோர்டோ ஸ்டார்ட்டர் ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது

வணக்கம். சோர்டோ எனும் புளித்த மாவு ரொட்டியைப் பொங்கவைப்பதற்காகக் கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து புளிக்க வைத்த ஸ்டார்ட்டர் மூன்றாம் நாள் இருமடங்காகப் பொங்கிவிட்டு, ஐந்தாம் நாள் குமிழியே இல்லாமல் கிடப்பதால் கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். முதலில் பொங்கவைத்தது பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல. மாவில் இயல்பாகவே இருக்கும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிட்ட வாயுதான். புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடுகின்றன. அந்தப் புளிப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும் பெருகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும், அந்த இடைவெளியைத்தான் நீங்கள் இப்போது பார்க்கிறீர்கள்.

இந்த நேரத்தில் அடிக்கடி மாவு சேர்த்தால் புளிப்பு நீர்த்துப்போய்க் காத்திருப்பு நீளும் என்பதால், நாளுக்கு ஒரு முறை மட்டும் 25 கிராம் ஸ்டார்ட்டரை எடுத்து, அதே எடைக்கு மாவும், அதே எடைக்குத் தண்ணீரும் சேர்த்து, 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். மைதாவைவிடத் தவிடு நீக்காத கோதுமை மாவே இதற்கு நல்லது. மேலே நீர் தெளிந்து நின்றால் கலக்கிவிட்டால் போதும். பூஞ்சையோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறமோ தெரிந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மாவு சேர்த்த 4 முதல் 8 மணி நேரத்துக்குள் இருமடங்காகப் பொங்குவது இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து நடந்த பிறகே ரொட்டிக்கு எடுங்கள்.