போனில் எடுத்த ஞாபகப் பரிசோதனை: அப்பாவுக்கு 30-க்கு 17 வந்தால் மறதி நோயா?

பாபநாசம் வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 72 வயது. மூன்றாம் வகுப்புவரை படித்தவர். போனில் கிடைத்த ஞாபகப் பரிசோதனையில் 30-க்கு 17 வந்தது. தேங்காய் எண்ணெய் குடித்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது?"

அந்த 17-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, கடிகாரம் வரை என்று கேட்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பழகியவர்களுக்குத்தான் தோது. பென்சில் பிடித்துப் பழகாத கை, மூளை நன்றாக இருந்தாலும் கோணல் கடிகாரம்தான் வரையும். இந்த மாதிரிக் கேள்விகள் உள்ள 'மோக்கா' என்ற ஞாபகப் பரிசோதனையில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள்; மூன்றாம் வகுப்புக்கு அது எந்த மூலைக்கு? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே வேறு பரிசோதனைகள் உண்டு. படிப்பு விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பு செய்த வேலையை இப்போதும் செய்கிறாரா என்று பாருங்கள். வயலில் நிற்பது குறுவையா சம்பாவா என்று சொல்கிறாரா? நடவு ஆட்களுக்கு மனக்கணக்காகவே கூலி கொடுத்தவர் இப்போது திணறுகிறாரா? மோட்டாரை நிறுத்த ஒருநாள் மறப்பது யாருக்கும் நடக்கும். மதகிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் சங்கதி வேறு. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இதில் கூடவே இருக்கும் அம்மாவின் பேச்சுதான் எடுபடும். பொங்கலுக்கு வந்துபோகிற பிள்ளைகள் "நல்லாத்தானே பேசுறாரு" என்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும், சளி, அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்குவதும்கூட மறதியைக் கொண்டுவரும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் கட்டிய ரத்தம் ஆகியவை சிகிச்சையுள்ள காரணங்கள். இவற்றைப் பார்க்காமலே "வயசானா அப்படித்தான்" என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பிப்போனால், சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தேங்காய் எண்ணெய்க்கு நிரூபணம் இல்லை. மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரைக் குணமாக்கும் மருந்தே இன்னும் வரவில்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். இப்படி ஒரு தகவல் வந்தால், எழுதியவர் யார், எப்போது திருத்தினார்கள், கடைசியில் எதையாவது விற்கிறார்களா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம், மனநல, நரம்பியல் மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸ், மனநல அமைப்பான சென்னை ஸ்கார்ஃப் தரும் தகவல்களை நம்பலாம். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், 14567 முதியோர் உதவி எண் இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதானால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரட்டும். காது மந்தம் என்றால் அதையும் சொல்லுங்கள். கேள்வி காதில் விழாததால் போன மதிப்பெண்ணும் மறதிக் கணக்கில் ஏறிவிடும்.