ஓநாயின் எடை: தராசு சொல்வது என்ன?

கேள்வி: நூறு கிலோ ஓநாய் என்று ஒரு வேட்டைக்காரர் தூக்கிப் பிடித்திருக்கும் படம் கைபேசியில் சுற்றி வருகிறது. உண்மையா? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

உண்மையில்லை. செத்த விலங்கைக் கேமராவை நோக்கி முன்னால் நீட்டி, ஆள் பின்னால் நின்றுகொண்டால் எந்த ஓநாயும் கன்றுக்குட்டி அளவுக்குத் தெரியும். அந்த எடையும் பெரும்பாலும் கண்மதிப்புதான். குளிர்நாட்டு ஓநாயின் அடர்ந்த ரோமமும் நீண்ட கால்களும் பழகிய கண்ணையே ஏமாற்றிவிடும். ரோமத்துக்குள் இருக்கும் மார்பு ஒடுக்கமானது.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வழிவந்தவற்றை ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, தராசில் தொங்கவிட்டு நிறுக்கிறார்கள். ஆண் ஓநாய் சுமார் 45 முதல் 59 கிலோ, பெண் 36 முதல் 50 கிலோ. அங்கே பதிவான மிகப் பெரிய ஆண் 67 கிலோ. அலாஸ்காவில் 1939இல் கொல்லப்பட்ட ஒன்றின் எடை 79 கிலோ என்பது பலரும் மேற்கோள் காட்டும் உச்சம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வயிறு காலியா, நிறைந்திருந்ததா? பெரிய ஓநாய் ஒரே வேளையில் 9 கிலோ வரை இறைச்சி தின்னும். அதைக் கழிக்காத எடையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: நம் நாட்டு ஓநாயும் அவ்வளவு இருக்குமா? (உசிலம்பட்டி வாசகி)

இருக்காது அம்மா. இந்திய ஓநாய் 17 முதல் 25 கிலோதான். நன்கு வளர்ந்த ராஜபாளையம் நாய் அதைவிடக் கனமாக இருக்கும்! வெயில் நாட்டில் சிறிய உடம்பு சூட்டை எளிதில் வெளியேற்றும். இரையும் வேறு: அங்கே எல்க் மான், காட்டெருமை, இங்கே வெளிமான், முயல், ஆடு. இளைத்த ஓநாயைக் கண்டு நோய் பிடித்தது என்று முடிவுகட்ட வேண்டாம், அதன் வாகே அதுதான்.

கேள்வி: பிறந்த குட்டி எவ்வளவு இருக்கும்?

ஏறத்தாழ அரைக் கிலோ.

கேள்வி: மேலூர்ப் பக்கம் வயலில் கிடை போட்டிருந்தோம். இரவில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் காணோம். ஓநாய் என்கிறார்கள். (ஆடு மேய்க்கும் ஒரு கீதாரியின் மகன்)

இழப்பு எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது தெருநாய்க் கூட்டத்தை, அடுத்து நரியை. நரி 8 முதல் 11 கிலோதான். இளங்குட்டியைத் தூக்க அதுவே போதும். கால்தடத்தை மட்டும் பார்த்து நாயையும் ஓநாயையும் பிரித்துச் சொல்ல முடியாது. மிச்சம் ஏதும் கிடைத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கடித்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள். குட்டிகளைப் பட்டிக்குள் அடைத்து, இரவில் காவலுக்கு ஆள் இருக்கட்டும். தயவுசெய்து இறைச்சியில் விஷம் வைத்துவிடாதீர்கள்: கீரியும் பருந்தும் உங்கள் காவல் நாயும் சாகும். ஓநாய், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, கொன்றால் சிறை.