நான்காம் வகுப்பில் பாதிப் பேர் சரளமாக வாசிக்கிறார்கள், சிலர் எழுத்துக்கூட்டவே திணறுகிறார்கள். ஒரே பாடவேளையில் எல்லாருக்கும் எப்படிச் சொல்லித்தருவது?

'வாசிக்கத் தெரியவில்லை' என்று மொத்தமாகச் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எதில் தடுக்குகிறது என்று தெரியாமல் எந்தப் பயிற்சி கொடுத்தாலும் வீண்தான். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒருநாள் கடைசி வரியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். விரல் வரியில் இருந்தது, வாய் திறக்கவில்லை. அத்தனையும் மனப்பாடம்! பலகையில் தனித்தனிச் சொல்லாக எழுதிக் காட்டினேன். 'படம்', 'பாடு', 'குடம்' எல்லாம் வந்தன. 'செடி'யில் நின்றுவிட்டான், 'கொடி'யிலும் அப்படியே. கொம்புதான் சிக்கல். எழுதும்போது அது முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இவனை 247 எழுத்தையும் திரும்ப எழுதவைத்து என்ன பயன்? காலண்டர் அட்டையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றையும் வெட்டிக் கொடுத்தேன். எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைப்பான், சொல்வான், எடுப்பான். தினம் பத்து நிமிடம். மூன்றாவது வாரம் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து, "டீச்சர், கொடுமுடி!" என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வகுப்பில், செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒடியா பேசும் குடும்பத்துப் பெண்பிள்ளை. ஒரு எழுத்துப் பிழை வராது, ஆனால் வாசித்தது என்னவென்று கேட்டால் விழிப்பாள். அவளுக்கு அட்டை எதற்கு? பேச்சுதான் வேண்டும். படக்கதையை வைத்துக்கொண்டு தோழியோடு பேசவிட்டேன். மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒரே 'பின்தங்கிய' வரிசையில்தான் இருந்தார்கள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் குழுவின் பெயரே பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. "நான் அரும்புதானே டீச்சர்" என்று ஒரு குழந்தை தலைகுனிந்து சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எல்லாரையும் மறுபடி வாசிக்கக் கேட்டு, குழுவை மாற்றிவிடுகிறேன்.

சரளமாக வாசிப்பவர்களை எந்நேரமும் குட்டி ஆசிரியர் ஆக்காதீர்கள், அவர்களும் வளர வேண்டும். நூலகப் புத்தகம் கொடுத்து, "இவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்ற வரிசையில் கேட்டு, தடுக்கும் இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் 28 பேர். காலை வழிபாட்டுக்கு முன் தினம் நான்கு பேர் என்று ஏழு பள்ளி நாளில் முடித்துவிடுகிறேன்.