ஏற்காடு அடிவாரத்து நாற்றுப்பண்ணை: தேநீரகம் கட்ட 25 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் அப்பாவுக்குச் சொந்தமான ஒன்றரை ஏக்கரில் 16 ஆண்டுகளாக நாற்றுப்பண்ணை நடத்துகிறோம். ஆண்டு விற்பனை 26 லட்சம் ரூபாய். செலவு போக 6 லட்சம் நிற்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தகரக் கொட்டகையில் தொடங்கிய டீக்கடையை அம்மாவும் அண்ணியும் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் 9 லட்சத்துக்கு விற்று 3 லட்சம் லாபம் வருகிறது. இரண்டுமே அப்பாவின் பெயரில்தான் உள்ளன. கொட்டகையை எடுத்துவிட்டு 60 பேர் அமரும் தேநீரகம் கட்ட 25 லட்சம் கடன் வாங்கலாமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: இந்தத் தொகையை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. டீக்கடை தருவதாக நீங்கள் எழுதியுள்ள 3 லட்சத்தில் அம்மாவுக்கும் அண்ணிக்கும் சம்பளம் கழிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். வெளியாட்கள் இருவரை வைத்து ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் போயிருக்கும். மிஞ்சுவது 12,000 ரூபாய்தான். குடும்பத் தொழில்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. 60 பேருக்குப் பரிமாற இருவரால் முடியாது என்பதால், கட்டடம் எழும்பிய மறுநாளே அந்தச் சம்பளச் செலவு உண்மையாகிவிடும்.

25 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 42,800 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 5.14 லட்சம். நாற்றுப்பண்ணையின் லாபம் கிட்டத்தட்ட முழுவதும் தவணைக்கே போய்விடும். இப்போதைய 3 லட்சம் லாபம் குறையாமல் தேநீரகமே தவணையைச் சுமக்க வேண்டுமானால், விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது என்ற இதே கணக்கில், கூடுதல் ஆள் கூலி இல்லாமல் பார்த்தாலும், விற்பனை 9 லட்சத்திலிருந்து 24 லட்சத்தைத் தாண்ட வேண்டும்.

ஆனாலும் டீக்கடையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆடிப்பட்டத்திலும் ஐப்பசி மழையிலும் கன்றுகள் விற்கும். சித்திரை வெயிலில் விற்பனை படுத்துவிடும், தண்ணீர்ச் செலவும் நிழல்வலைச் செலவும் ஏறும். அதே கோடையில்தான் மலைக்குப் போகும் கூட்டம் உங்கள் வாசலைக் கடக்கிறது. செடி ஓயும் மாதங்களில் டீ பணம் தருவது பெரிய பலம். ஆனால் மலையேறுகிறவர் டீ குடிப்பாரே தவிர, செடியை மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர மாட்டார். இறங்கும்போதுதான் காரின் பின்பக்கத்தில் ரோஜாத் தொட்டி ஏறும். ஆகவே டீ குடித்தவர்களில் எத்தனை பேர் செடியும் வாங்கினார்கள், அவர்கள் ஏறியவர்களா இறங்கியவர்களா என்பதை மூன்று மாதம் ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். தேநீரகத்தால் செடி விற்பனை எவ்வளவு கூடும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

வரி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. செடிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் உணவகச் சேவை செய்பவருக்கான 20 லட்சம் பதிவு வரம்பைக் கணக்கிடும்போது, ஒரே பான் எண்ணில் நடக்கும் வரிவிலக்குள்ள விற்பனையும் சேர்க்கப்படும். உங்கள் மொத்தம் 35 லட்சம் என்பதால் உடனே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். டீக்கடையை அம்மாவின் பெயருக்கு மாற்றலாம். ஆனால் வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கொள்முதல் பில் எல்லாம் உண்மையிலேயே அவர் பெயரில் இருக்க வேண்டும். முதலீட்டை அப்பா தானமாகக் கொடுத்தால் அதற்குரிய வருமானம் அப்பாவின் கணக்கிலேயே சேர்க்கப்படும் என்பதால் கடனாக எழுதிக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் நீங்களே வளர்த்த கன்றுகளின் வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் இறக்கி அப்படியே விற்கும் செடிகளும் மண்தொட்டிகளும் அதில் வாரா. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுங்கள். டீக்கடைக்கு மின்சாரம் இலவச விவசாய இணைப்பிலிருந்து வருகிறது என்றால் அதை இன்றே நிறுத்திவிட்டு வணிக இணைப்பு வாங்குங்கள்.

இப்போதைக்கு முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை பிணையில்லாமல் கேளுங்கள். ஐந்து ஆண்டுக் கடனுக்கு இதே வட்டியில் தவணை சுமார் 10,900 ரூபாய் வரும். அதில் முதலில் சுத்தமான கழிப்பறையும் நான்கைந்து கார்கள் நிற்க இடமும் அமையட்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் கழிப்பறைக்காகத்தான், டீ அதற்குப் பிறகுதான். நிலம் அப்பாவுடையது என்பதால், கட்டடம் என்று பேச்சு வரும்போது நில வகை மாற்றம், கட்டட அனுமதி, அண்ணனின் பங்கு ஆகிய மூன்றையும் கடன் வாங்கும் முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணறு வற்றும் கோடைக்காக இரண்டு லட்சமாவது தொடாமல் வைத்திருங்கள். அந்த நோட்டின் கணக்கோடு மார்கழிக்குப் பிறகு மீண்டும் எழுதினால், 60 இருக்கைகளைப் பற்றி அப்போது பேசலாம்.